சுவர் ஈரமாக இருக்கிறது என்று யார் சொல்வது?

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலை எங்கே நடந்தாலும் ஒரு புலம்பல் காதில் விழும்: "பாஷை தெரியாத ஆளுங்கள வச்சு வேலை வாங்குறது பெரும்பாடா இருக்குங்க." வீட்டுக்காரர் சொல்வார், சைட் இன்ஜினியர் சொல்வார், உள்ளூர் மேஸ்திரி இன்னும் அழுத்திச் சொல்வார். இந்தப் பேச்சு எனக்கு ஒப்பவே மாட்டேன் என்கிறது. உரிந்து விழுந்த சுண்ணாம்புப் பூச்சுக்கும் நிறம் செத்த ஆத்தங்குடித் தரைக்கும் காரணம் தேடிப் போனால், பாஷை புரியாமல் கெட்டது கொஞ்சம்தான். எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தும், புரிந்ததைச் சொல்ல வேண்டியவரிடம் யாரும் சொல்லாமல் கெட்டதே அதிகம்.

கானாடுகாத்தானிலோ கடியாபட்டியிலோ ஒரு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுண்ணாம்பு வேலைக்கு உள்ளூர்ப் பெரிய கொத்தனார், அவர் கையாட்கள். சாரம் கட்ட, இடிக்க, கலவை தூக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆட்கள். தரை பாலிஷுக்கு ராஜஸ்தான்காரர்கள். வரைபடம் சென்னை ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்; சில வீடுகளில் பிரான்ஸிலிருந்து வந்த மரபுக் கட்டட வல்லுநர். பணம் போடுகிற பங்காளிகளில் ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் அமெரிக்கா. 2014-லேயே உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் என்பதால் 'பழையபடியே இருக்கணும்' என்ற பேச்சும் கூடவே வரும். பழையபடி என்றால் என்ன என்பதில் இத்தனை பேருக்கும் இத்தனை அபிப்பிராயம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் பல நாட்டு ஆட்களை வைத்து வேலை நடத்துவதைப் பற்றி மேலாண்மைப் பாடத்தில் நிறையச் சொல்லித் தருகிறார்கள். அதில் பாதியை இந்த ஒரு முகப்பிலேயே உரசிப் பார்த்துவிடலாம்.

ஒரு சுவர், ஐந்து பேர்

செட்டிநாட்டு வெள்ளைப் பூச்சு பல படையாக ஏறுவது. கீழே மணல் கலந்த தடித்த சுண்ணாம்பு, மேலே போகப் போக அரைத்து நைந்த சுண்ணாம்பு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த மெல்லிய பூச்சு, அதன்மேல் வழவழப்பான கல்லால் தேய்ப்பு. கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். இதெல்லாம் தெரிந்த கதை. பலர் கணக்கில் எடுக்காதது, சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது என்பது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து, வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்லக் கல்லாகும். கீழ்ப்படை பிடிப்பதற்கு முன்னால் மேல்படையை ஏற்றித் தேய்த்து அடைத்துவிட்டால் உள்ளே காற்று போகாது. உள் பூச்சு மாவாகவே நிற்கும். பார்க்கப் பளிங்குபோல இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் அப்பளம்போல எழும்பி நிற்கும்.

இப்போது பட்டாலைச் சுவர், அதாவது வீட்டுக் கூடத்தின் சுவர். இரண்டாம் படை போட்டு மூன்று நாள்தான் ஆகிறது. நகத்தால் அழுத்தினால் பிறை மாதிரி பதிகிறது. திங்கட்கிழமை சிங்கப்பூர்ப் பங்காளி வருகிறார். அவர் வருவதற்குள் ஒரு சுவராவது மின்ன வேண்டும் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் படை ஏற ஆரம்பிக்கிறது.

சுவர் ஈரம் என்பது அங்கே யாருக்கெல்லாம் தெரியும்? கலவை தூக்கும் ஒடிசாப் பையனுக்குத் தெரியும். அவன் கைதான் சுவரில் முதலில் படுகிறது. சொன்னால் இன்று அந்தச் சுவரில் வேலை நிற்கும், அவனுடைய கூட்டத்துக்குக் கூலி குறையும். சின்னக் கொத்தனாருக்குத் தெரியும். பெரிய மேஸ்திரி கரண்டியை எடுத்த பிறகு "இன்னும் காயலண்ணே" என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வராது. பெரிய மேஸ்திரிக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் காண்ட்ராக்டரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, சொன்ன சொல் தவறினால் மரியாதை போகும். சைட் இன்ஜினியருக்கு அரைகுறையாகத் தெரியும். சுண்ணாம்பில் அறுபது வயதுக்காரருக்கு நாம் என்ன சொல்வது என்று தள்ளி நிற்கிறார். பிரான்ஸ்காரர் மட்டும் வாயைத் திறந்து, எல்லார் முன்னாலும், "இது தவறு, ஏன் இப்படி?" என்று கேட்டுவிடுகிறார். அவர் பழகிய சூழலில் கூட்டத்தில் எதிர்த்துக் கேட்பது வேலையில் ஒரு பங்கு. கேட்டுவிட்டுச் சிரித்தபடி காபி குடிக்கப் போவார். இங்கே மேஸ்திரி அன்று சாயங்காலமே "உடம்பு சரியில்ல" என்று கிளம்பிவிடுவார். மூன்று நாள் வரமாட்டார். மூன்று நாளும் சுவர் காய்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் திட்டமிட்டுக் காய வைப்பதும் கோபத்தில் காய்வதும் ஒன்றில்லையே.

இந்த ஐந்து பேரில் பாஷையால் தடைப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. நகம் பதிவதைப் பார்க்க எந்த மொழியும் வேண்டாம். பிரான்ஸ்காரரைத் தவிர மற்ற ஒவ்வொருவர் வாயையும் வேறு வேறு பூட்டு பூட்டியிருக்கிறது. சிலருடையது ஊர்ப் பழக்கம், சிலருடையது கூலி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் 'கலாச்சார வித்தியாசம்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் தீர்வு கிடைப்பதில்லை.

பழக்கமா, கூலியா?

ஹாலந்து ஆய்வாளர் ஹெர்ட் ஹாப்ஸ்டெட், 1967-க்கும் 1973-க்கும் இடையில் பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலதிகாரிக்கும் கீழே உள்ளவருக்கும் நடுவே இருக்கும் தூரத்தை ஏற்றுக்கொள்கிற அளவில் இந்தியாவுக்கு 77, பிரான்ஸுக்கு 68, ஜெர்மனிக்கு 35. இந்தக் கணக்குப்படி பிரான்ஸ்காரர் ஜெர்மானியரைவிட நமக்கு வெகு பக்கம். பட்டாலையில் நடந்தது எதையும் இந்த எண் விளக்குவதில்லை. ஒரு கம்பெனியின் ஆபீஸ் ஊழியர்களை வைத்து எடுத்த சராசரியைக் கொண்டுவந்து பள்ளத்தூர் கொத்தனார் தலையில் வைத்தால் அது எப்படிப் பொருந்தும்? திட்ட மேலாண்மை வகுப்புகளில் இந்த எண்களை வண்ணப் பட்டைகளாகக் காட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நாட்டை விடவும் ஊரை விடவும் தொழில் ஆழமாக ஊறுகிறது என்பது என் கட்சி. ஒடிசாவின் சிமென்ட் கொத்தனாரும் மானாமதுரைச் சிமென்ட் கொத்தனாரும் வேலைத்தளத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள்: இன்று பூசு, நாளை தண்ணீர் விடு, அடுத்த அறைக்குப் போ. சுண்ணாம்புக்காரர் வேறு சாதிப் பிராணி. பூசு, காத்திரு, தட்டிப் பார், மறுபடி காத்திரு. இரண்டு பேரும் தமிழர்களாக இருந்தாலும் இந்தச் சண்டை வரும், வந்துகொண்டுதான் இருக்கிறது. கிரானைட் போட்டுப் பழகிய பாலிஷ் ஆட்களிடம் ஆத்தங்குடித் தரையைக் கொடுத்தால் நடப்பதும் இதுவே. போட்டு முடித்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுவது அவர்கள் தொழிலில் சுத்தம். ஆத்தங்குடிக் கல்லின் மேல்நிறம் சாயம் கலந்த சிமென்ட். ஆசிட் பட்டால் அரிக்கும், வெளிறும். சூளையில் சுடாத கல் அது. கண்ணாடிமேல் சாயக் கலவையை ஊற்றி, உலர் கலவை தூவி, சாந்து நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. நிறமுள்ள படை சில மில்லிமீட்டர்தான். மிஷின் வைத்து அரைத்தால் பூவும் கொடியும் கரைந்துபோகும். 'வடக்கத்தி ஆள் கெடுத்துட்டான்' என்பார்கள். அவனிடம் கொடுத்தது வேறு தரை என்று யார் சொன்னது?

அடுத்தது கூலி. பூச்சு வேலையைச் சதுர அடிக் கணக்கில் விட்டால் காத்திருப்பது ஒவ்வொரு நாளும் நஷ்டம். சுவர் ஈரம் என்று சொல்கிறவன் தன் கூட்டத்தின் சோற்றில் கை வைக்கிறான். அதே ஆளைத் தினக்கூலியில் வைத்தால் அவனே வந்து "கீலா ஹை" (ஈரமா இருக்கு) என்று இந்தியில் சொல்லிச் சுவரைக் காட்டுவான். அவனுக்குப் பயிற்சியும் வேண்டாம், கலாச்சார வகுப்பும் வேண்டாம். சுண்ணாம்பு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் தினக்கூலி. இடிப்பு, மண் அள்ளுதல், சாரம் கட்டுதல் இவற்றைச் சதுர அடிக்கோ மொத்தமாகவோ விடலாம். பட்ஜெட் இடங்கொடுக்காமல் பூச்சையும் சதுர அடிக்கே விட வேண்டியிருந்தால், ஒவ்வொரு படைக்கும் தனித்தனி ரேட் பேசி, அந்தப் படை தேறிய பிறகு அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு மாற்று வேலைப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்: மணல் சலிப்பது, சுண்ணாம்பு அரைப்பது, தேக்குத் தூணில் ஏறிய பெயின்டைச் சுரண்டுவது, கல்லை ஒட்டாமல் தரையில் பரப்பி ஒத்திகை பார்ப்பது. ஒரு சுவரில் வேலை நின்றால் அங்கே இருந்த ஆட்கள் உடனே எங்கே போவார்கள் என்பதற்குப் பதில் காலையிலேயே கையில் இருந்தால், 'சுவரை நிறுத்து' என்பது பெரிய வார்த்தையாக இருக்காது.

இங்கே ஒருவர் குறுக்கே வருவார். "பர்மாவிலயும் மலாயாவிலயும் கடை நடத்துன ஊரு இது. பல இனத்தோட பழகுறது நமக்குப் புதுசா?" உண்மை, கடை நடத்தினார்கள், பர்மிய மொழியும் மலாய் மொழியும் பேசக் கற்றார்கள். ஆனால் கிட்டங்கிக்கு, அதாவது அவர்கள் அங்கே தொழில் நடத்திய இடத்துக்கு, உள்ளே வேலை பார்த்தவர்கள் யார்? ஊரிலிருக்கும் முதலாளி, அங்கே ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று எல்லாம் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) பிள்ளைகளே. மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர் அங்கே தப்பு செய்தால், அவர் கப்பல் ஏறுவதற்குள் சேதி ஊருக்கு வந்துவிடும். கோயில், பங்காளி, சம்பந்தி என்று நம்பிக்கையின் வேர் ஊரில் இருந்தது. பல இனமும் கல்லாவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவில் அப்படி ஒரு கயிறு இல்லை. அதைச் செயற்கையாகக் கட்ட வேண்டியிருக்கிறது. கிட்டங்கியிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு: போகிற ஏஜெண்டு வருகிற ஏஜெண்டிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். மாதத்துக்கு ஒரு மேஸ்திரி மாறும் சைட்டுகளில் அந்த ஒப்படைப்புதான் காணோம்.

மாதிரிச் சுவரும் சிவப்புத் துணியும்

வேலை தொடங்குவதற்கு முன் பின்கட்டில் கண்ணில் படாத ஓர் இடத்தில் மூன்று அடிக்கு மூன்று அடி மாதிரிப் பூச்சு போட வேண்டும். முழுவதையும் மூடிவிடக்கூடாது. படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படையும் நாலு விரல் அகலம் வெளியே தெரியும்படி விட வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் போட்ட தேதி, அடுத்த படை ஏறிய தேதி. தேதிகளை எண்ணில் எழுதினால் பீகார்க்காரரும் படிப்பார், பிரான்ஸ்காரரும் படிப்பார். காரைக்குடிச் சித்திரை வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் காயும் நேரம் வேறு, அதனால் பருவம் மாறினால் புது மாதிரி போட வேண்டும். மேஸ்திரி, ஆர்க்கிடெக்ட், வீட்டுக்காரர் மூவரும் அதைத் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு 'பழையபடி' என்பதற்கு இந்தச் சைட்டில் அதுதான் பொருள். அதற்குப் பிறகு வாக்குவாதம் வந்தால் ஆட்களை ஒப்பிட வேண்டாம், சுவரை மாதிரியோடு ஒப்பிட்டால் போதும்.

நிறுத்துவதற்கு ஒரு வழி வேண்டும், அது வாயால் சொல்வதாக இருக்கக் கூடாது. டொயோட்டா தொழிற்சாலைகளில் தொழிலாளி எவரும் கயிற்றை இழுத்துக் கோளாறு அறிவிக்கலாம். சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். இங்கே கயிற்றுக்குப் பதில் சிவப்புத் துணி போதும். சாரத்தின் குறுக்குக் கழியில் யார் வேண்டுமானாலும் கட்டலாம், சித்தாள் உட்பட. அவிழ்ப்பது சுண்ணாம்பு மேஸ்திரி ஒருவர் மட்டும், அதுவும் நகம் வைத்துப் பார்த்த பிறகு. கட்டியது யார் என்று விசாரிக்கக் கூடாது. வீணாகக் கட்டினாலும் திட்டக் கூடாது. முதல் வாரத்தில் வீணாகக் கட்டிய ஒருவனைத் திட்டிவிட்டால் அதோடு அந்தத் துணி அலங்காரம்தான். மேஸ்திரிக்கும் இதில் மரியாதை குறைவதில்லை, ஏனென்றால் அவிழ்க்கிற அதிகாரம் அவருடையது.

கேட்கிற கேள்வியையும் மாற்ற வேண்டும். காலைக் கூட்டத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்து "திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?" என்று கேட்டால் முடிந்துவிடும் என்றுதான் பதில் வரும், எந்த ஊர்க்காரரிடம் கேட்டாலும். டீ நேரத்தில், ஒவ்வொரு கூட்டத்துப் பெரியவரிடமும் தனியாக, "எந்தச் சுவர் இன்னும் நகத்துக்கு எறங்குது?", "சுண்ணாம்பு எத்தனை நாளைக்கு வரும்?", "நாளைக்கு வேலை நின்னா எதனால நிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். சாக்குப் போக்கு சொல்ல இடமில்லாத கேள்விகள் இவை. காலைக் கூட்டம் ஏற்கெனவே தெரிந்ததை அறிவிப்பதற்கு. வெளிநாட்டு வல்லுநரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: குறையை மேஸ்திரியிடம் தனியாக, சுவர் பக்கத்தில் நின்று, கைவேலை தெரிந்த ஒருவர் மொழிபெயர்க்க, நீங்களே சொல்லுங்கள், முற்றத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். நம் பங்காளிகளுக்குத்தான் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

மொழிபெயர்க்கிறவர் யார் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. அநேகச் சைட்டில் ஆள் கொண்டுவந்த லேபர் காண்ட்ராக்டரே இந்திக்கும் தமிழுக்கும் நடுவில் நிற்பார். அவருக்குச் சங்கடமான எதுவும் அந்த வழியாக வராது: கூலி பாக்கி வராது, ஆள் குறைவு வராது, "இந்த வேலை எங்களுக்குத் தெரியாது" என்பது வரவே வராது. அவர் சம்பளப் பட்டியலில் இல்லாத, இந்தி தெரிந்த ஒரு சூப்பர்வைசர் தனியே வேண்டும். அவர் சம்பளம் தண்டம் என்று தோன்றும். ஒரு பட்டாலைச் சுவரை இடித்துத் திரும்பப் பூச என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அளவும் காலண்டரும்

அளவில் ஒரே கணக்கு இருக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட் மில்லிமீட்டரில் வரைவார்; ஆசாரி அடி, அங்குலம், நூல் என்பார். ஆத்தங்குடியில் பத்து அங்குலக் கல் என்றால் 254 மில்லிமீட்டர். வரைபடத்தில் வசதிக்காக 250 என்று போட்டிருப்பார்கள். நாற்பது கல் நீளமுள்ள கூடத்தில் 160 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலத்துக்கு மேல் இடிக்கும். பார்டர் கல்லை வெட்டித்தான் சேர்க்க வேண்டிவரும், அதோடு கூடத்தின் அழகு போயிற்று. 1999-ல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்ததும் ஒரு குழு பவுண்டிலும் ஒரு குழு நியூட்டனிலும் கணக்குப் போட்டதால்தான். செட்டிநாட்டு வீட்டுக்கு அடிக்கணக்கே தோது. பழைய வீடு கட்டியதும் அதில்தான், கல் வருவதும் அங்குலத்தில்தான். வரைபடம் மாறட்டும், கை மாற வேண்டாம்.

விடுமுறையை முதலிலேயே ஒரே காலண்டரில் எழுதிவிட வேண்டும். பீகார் ஆட்கள் தீபாவளிக்கு முன்பே கிளம்பி, தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜை முடிந்த பிறகுதான் திரும்புவார்கள். பயணத்தையும் சேர்த்தால் இரண்டு மூன்று வாரம். "இப்ப போய் லீவு கேக்குறானே" என்று அலுத்துக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் வருகிற பண்டிகைக்கு என்ன அதிர்ச்சி? ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்பே போகிற தேதியும் வருகிற தேதியும் கேட்டு வாங்கி, டிக்கெட்டைச் சைட் செலவிலேயே போட்டுவிட்டால் திரும்பி வருவார்கள். அந்த நேரம் இங்கே வடகிழக்குப் பருவமழை. வெளிச்சுவரில் சுண்ணாம்பு ஏற்றக்கூடாத காலம். இரண்டும் தானாகவே பொருந்துகிறது. மழைக்கு முன் உட்சுவர்களில் கனத்த படைகளை முடித்துவிட்டு, ஆட்கள் ஊருக்குப் போயிருக்கும்போது அவற்றைக் காய விட்டால், தேய்ப்பு வேலைக்கு எல்லாரும் திரும்பியிருப்பார்கள். உள்ளூர்க்காரருக்குப் பிள்ளையார் நோன்பு, பொங்கல். பிரான்ஸ் பக்கம் ஆகஸ்டில் கடிதத்துக்குப் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

வாரம் ஒரு தொலைபேசிக் கூட்டத்துக்கு மதியம் இரண்டரை மணி தோதானது. சிங்கப்பூரில் சாயங்காலம் ஐந்து, பாரிஸில் கோடையென்றால் காலை பதினொன்று, குளிர்காலமென்றால் பத்து. அமெரிக்காவில் அப்போது இருட்டு. அந்தப் பங்காளிக்குக் கூட்டத்தின் முடிவை எழுதி அனுப்பினால் போதும், அவரையும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

பங்காளிகள் என்றதும் நினைவுக்கு வருகிறது, சைட்டிலேயே மிகக் கடினமான பலகலாச்சாரக் குழு அவர்கள்தான். சிங்கப்பூர்க்காரருக்குத் தேதி முக்கியம், அமெரிக்காக்காரருக்கு எழுத்தில் வேண்டும், ஊரிலிருக்கும் ஆச்சிக்கு நல்ல நாள் பார்த்துத்தான் வாசல் நிலையைத் தொட வேண்டும். மூவரும் தனித்தனியே மேஸ்திரிக்கு வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்புவார்கள். இதை வேலை தொடங்கும் முன்பே அடைத்துவிட வேண்டும்: மேஸ்திரியிடம் பேச ஒருவர், அவர் தனியாக முடிவெடுக்கக்கூடிய தொகைக்கு ஒரு வரம்பு, அதற்கு மேல் போனால் மற்றவர்கள் பதில் சொல்ல இரண்டு நாள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் மாதிரிச் சுவரில் இருப்பதே முடிவு என்று ஒப்பந்தத்தில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆச்சி குறித்துத் தரும் நாள்களை மட்டும் இந்த இரண்டு நாள் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். அவற்றை வேலை அட்டவணையிலேயே முன்கூட்டிப் போட்டுவிட்டால் தீர்ந்தது.